ஈயத்தை விடாத கை

ஹாலிஎல பக்கம் மாரிசாமியின் பேச்சை எடுத்தால், "மச்சானுக்குப் பேய்ச்சட்டைய மாட்டித் தண்ணிக்குள்ள தள்ளினவன்தான?" என்பார்கள். வெற்றிலைக் கடைக்காரனுக்குக்கூட அந்தக் கதை மனப்பாடம். சட்டை காற்றுப் பிடிக்கவில்லையாம். விசில் ஊதவில்லையாம். வெள்ளைக்காரன் கழித்துப் போட்ட ஓட்டைச் சாமானாம். சொல்கிறவர்களில் ஒருவன்கூட அன்றைக்கு அங்கே இல்லை. நான் இருந்தேன். சட்டை ஒழுகவில்லை. விசில் ஊதியது, இரண்டு காதாலும் கேட்டேன். அவன் மச்சான் ரஜீவ் செத்தது சாமானின் குறையால் அல்ல. எதனால் என்று மாரிசாமிக்குத் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு, செத்தவனின் தாய் போடுகிற சோற்றைத் தின்றுகொண்டு ஒரே கூரையின் கீழ் இருக்க முடியுமா என்பதுதான் அவனுக்கு வந்த கஷ்டம்.

நான் தோட்டத்து லொறி ஓட்டியவன். மாரிசாமி லயத்து வீட்டு வரிசையில் என் அடுத்த காம்பராக்காரன். நடுவில் ஒரு சுவர்தான். அவன் இருமினால் எனக்குத் தெரியும்.

அவன் பிறந்தது எங்கள் கருங்கல்மலைத் தோட்டத்துப் பணியக் கணக்கில், கீழ்ப்பிரிவில். பள்ளிக்கூடத்தை ஐந்தோடு விட்டான். எங்கள் பிள்ளைகள் அப்படி விட்டால் கொழும்புக்குப் போய் ஹோட்டலில் கோப்பை கழுவுவார்கள், கடையில் மூட்டை தூக்குவார்கள். இவனைக் கூட்டிப்போன தரகன் மட்டும் வெலிகமப் பக்கம் ஒரு கடற்கரை விடுதியில் கொண்டுபோய் விட்டான். தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றிரண்டு இருக்கும். அதுவரை கடலை அவன் கலண்டர் படத்தில்தான் கண்டிருந்தான். விடுதிக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்களைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய் மீனும் பாறையும் காட்டுகிற கடை ஒன்று இருந்தது. அவர்கள் கழற்றிப் போடுகிற காற்றுச் சட்டைகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுவது இவன் வேலை. உப்பு நின்றால் பொத்தான் இறுகிப்போகும், காற்று ஏறாது. அதனால் சட்டை அலசுகிற வேலையும் பொறுப்பான வேலைதான்.

அந்தக் கடையில் முக்குளிக்கிறவன் ஹுமைத். அந்த ஊர்க்காரன், வாய் ஓயாதவன். ஒருநாள் அவன் இவனைக் கூப்பிட்டிருக்கிறான்.

"மலநாட்டான், இங்க வா. ஒவ்வொரு நாளும் கழுவுறியே, இது என்னத்துக்கெண்டு தெரியுமா?"

"மெதக்கத்தானுங்களே?"

"மெதக்கிறதுக்கு வாழ மரம் போதும். இந்தப் பொத்தான அமத்தினா சிலிண்டர்லேந்து சட்டைக்குக் காத்து வரும், நீ மேல போவ. மத்தப் பொத்தான அமத்தினா காத்து வெளிய போகும், நீ கீழ போவ. ரெண்டுக்கும் நடுவுல, ஏறாம எறங்காம நிக்கப் படிச்சிக்கோ. மிச்சத்த மீன் படிச்சித் தரும்."

அப்படித்தான் அவன் படித்தான். மனுசன் தண்ணீரில் தானாக அமிழமாட்டான், அதுவும் றப்பர் உடுப்புப் போட்டால் தக்கை மாதிரி மேலேயே கிடப்பான், ஆகவே இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பட்டி ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். அடியில் சிக்கல் வந்தால் ஒரேஞ் நிறத்தில் நீளப் பை ஒன்று இருக்கிறது, அதில் காற்றை விட்டு நூலோடு மேலே அனுப்பவேண்டும். மேலே நிற்கிறவர்கள் பையைக் கண்டால் ஆள் இடைஞ்சலில் என்று புரிந்துகொள்வார்கள். மேலே வந்த பிறகு சத்தம் போட வாயில் மூச்சு இருக்காது, அதற்குத் தோளில் விசில். இதெல்லாம் எனக்கு அவன் சொல்லித் தெரிந்தது. ஹுமைத் சொன்ன இன்னொன்றையும் அவன் அடிக்கடி சொல்லிச் சிரிப்பான்.

"வில்லங்கமெண்டா மொதல்ல ஈயப்பட்டியக் கழட்டி எறி. யோசிக்காத. ஈயத்தக் கடேல வாங்கேலும்."

"உசுர?"

"அத ஒண்ட உம்மாட்டத்தான் போய்க் கேக்கோணும்."

பத்து வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தான். சட்டை கழுவினவன் சட்டை போட்டு வெள்ளைக்காரர்களைக் கூட்டிப்போகிறவன் ஆனான். இடையில் வந்து, எங்கள் தோட்டத்து நிரஞ்சலாவைக் கட்டிக்கொண்டு போனான். அப்புறம் காது கெட்டது. சளித் தடிமனோடு ஆழம் இறங்கியதில் காதுச் சவ்வு கிழிந்து சீழ் வைத்தது. இனி ஆழம் போனால் செவிடாகிவிடுவாய் என்று மாத்தறையில் டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி நல்ல மனுசன். பழைய சட்டை ஒன்று, றப்பர் உடுப்பு, சிலிண்டர் இரண்டு, விசில், பை எல்லாம் கொடுத்து அனுப்பினார். ஈயம் மட்டும் தரவில்லை, அதை எவன் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவான்? இரண்டாயிரத்து இரண்டு அது. சண்டை நின்று, ரோட்டில் சோதனைகளைக் குறைத்திருந்த நேரம். ஒரு வருஷம் முந்தியென்றால், தமிழன் ஒருவன் இந்தச் சாமானோடு வெல்லவாயவைத் தாண்டியிருக்க மாட்டான்.

வந்த மறுநாள் சட்டையை லயத்து வாசலில் கொடியில் போட்டான். சிலிண்டரைப் பக்கத்தில் நிறுத்தினான். கொழுந்து எடுக்கப் போன பெண்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். அவர்களில் இராக்கம்மாவின் வாயைப் பற்றி எங்கள் கணக்கு முழுக்கத் தெரியும்.

"என்னாடா மாரி, சிலிண்டர் கொண்டாந்துட்ட, அடுப்பு எங்க?"

"இது மூச்சு வுடுற காத்து அக்கா."

"அடி ஆத்தே! இங்க வீசுற காத்து பத்தலன்னு கடல்லருந்து பஸ்ஸுல ஏத்திக்கிட்டு வந்துருக்கான்டி!"

கேலி இரண்டு மாதம் ஓடியது. அவனும் சிரித்துக்கொண்டே மாமியார் காம்பராவில் கிடந்தான். மாமியார் பாக்கியலெட்சுமி கையால் உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய மனுசி. மருமகனை 'மாப்ள' என்றும் 'நீங்க' என்றும்தான் பேசும். நிரஞ்சலாவுக்குத் தம்பி ஒருவன், ரஜீவ். தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை. இரண்டு மச்சான்மாரும் ஒட்டிக்கொண்டார்கள்.

அடுத்த வருஷக் கடைசியில்தான் ஸ்டோர் தேக்கத்து வேலை வந்தது. எங்கள் தேயிலை ஸ்டோருக்கு மேலே ஓடையை மறித்துக் கட்டிய பழைய தேக்கம் ஒன்று உண்டு. அதன் அடியில் இருக்கிற இரும்புக் கம்பி வலை வழியாகத்தான் தண்ணீர் குழாய்க்குப் போய் சின்ன மிஷின் ஒன்றைச் சுற்றி ஸ்டோருக்குக் கரண்ட் கொடுக்கும். அந்த வலையில் சவுக்குக் கிளையும் சாக்கும் சேறும் அடைத்துவிட்டது. தேக்கத்தை வடிக்கலாமென்றால் அதன் வாய்க்கதவு துருப்பிடித்துத் திறக்கமாட்டேன் என்கிறது. ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் இரகுநாதன் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மாரிசாமியைக் கூப்பிட்டார்.

"உம்மட்டை ஏதோ தாழுற சாமான் இருக்காம் எண்டு கேள்விப்பட்டன். உந்த வலையைத் துப்புரவாக்க ஏலுமோ?"

"ஏலும் ஐயா. என் காதுதான் சரியில்ல. என் மச்சான் எறங்குவான், நான் மேல நின்னு பாத்துக்கிறேன்."

"அவசரப்படவேண்டாம். பழக்கிப்போட்டு இறக்கும். இது சரிவந்தா மற்றத் தோட்டங்களிலையும் இதே கரைச்சல்தான், உம்மைக் கூப்பிடுவினம்."

அந்தக் கடைசி வார்த்தை மாரிசாமியைப் பிடித்துக்கொண்டது. மலையில் எத்தனை தேக்கம், எத்தனை குழாய்! கடலை விட்டுவந்தவனுக்குத் தண்ணீரிலேயே ஒரு பிழைப்பு. ரஜீவுக்கும் மருந்து நாற்றத்திலிருந்து விடுதலை. "முதுகுல மருந்துத் தாங்கி தூக்கித் தூக்கி எனக்குப் பழக்கம்தான் மச்சான். இது மூச்சு குடுக்கிற தாங்கி, அது மூச்ச எடுக்கிற தாங்கி" என்றான் அவன். பேச்சு அப்படித்தான் இருக்கும் அவனுக்கு.

ஈயம் வேண்டுமே. லொறியின் பழைய பெட்டரிகளை நான் கொடுத்தேன். தகட்டை உடைத்து எடுத்து உருக்கி டின்மீன் டப்பாவில் ஊற்றிக் கட்டி ஆக்கினான். லயத்துப் பின்பக்கம் புகை அடித்து, பெண்கள் எல்லாரும் கத்தினார்கள். அடியில் ஊன்றி நின்று கிளையை இழுக்க வேண்டிய வேலை என்பதால், கடலில் கட்டுகிறதைவிடக் கூடுதலாகவே ஈயம் எடுத்து இரண்டு பட்டியாகக் கோத்தான். அந்தப் பக்கம் அவ்வளவு பெட்டரி இனிக் கிடைக்காது என்று நானும் சொல்லிவைத்தேன்.

தேக்கத்தின் ஓரத்தில் பழக்கம் தொடங்கியது. மூச்சு எடுக்கிறது, சட்டையில் காற்று ஏற்றுகிறது, விடுகிறது, பையை மேலே அனுப்புகிறது, விசில் ஊதுகிறது. ரஜீவ் கெட்டிக்காரன். எல்லாம் டக்கென்று பிடித்தான். ஈயம் கழற்றுகிற பாடமும் முதல் நாளே வந்தது.

"எப்புடி மச்சான் கழட்டுறது?"

"கொக்கிய இழு, கைய எடு. அம்புட்டுதான். வுழட்டும்."

ரஜீவ் இழுத்தான், கையை எடுத்தான். பட்டி விழுந்தது. அந்தத் தேக்கத்து அடியோ, வருஷக்கணக்காக மலையிலிருந்து கரைந்து வந்த சேறு. மாரிசாமி இறங்கி, முழங்கை முட்டக் கையை விட்டுத் துழாவினான். காலையிலிருந்து மத்தியானம் வரை துழாவியும் பட்டி அகப்படவில்லை. கோத்த ஈயத்தில் பாதி போய்விட்டது. குளிரில் உதடு நீலம்பாரித்துக் கரையேறினவனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சரியாக அந்த நேரம் பெண்கள் கொழுந்து நிறுக்க மேலே போய்க்கொண்டிருந்தார்கள்.

"நெசமாவே போட்டுட்டியேடா!"

"நீதான போடச் சொன்ன?"

"சொன்னா? மண்டையில ஒண்ணும் வேணாமா? கரையோரமா வச்சுப் போட்டிருக்கக் கூடாது? ஈயம் என்னா கொய்யா மரத்துலயா காய்க்குது?"

கூடையை நெற்றிக்கயிற்றில் தொங்கவிட்டபடியே இராக்கம்மா நின்றது.

"என்னா ரஜீவு, இடுப்புல கெடந்தத சேத்துக்குக் குடுத்துட்டியா? நாளைக்கு வேட்டியாச்சும் பத்திரம் ராசா!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ரஜீவும் சிரித்தான், ஆனால் காது சிவந்துவிட்டது.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தோட்டத்தில் பிறந்தவனுக்கு நடக்கத் தெரியுமுன்னமே தெரிகிற பாடம், தூக்கினதைக் கீழே போடாதே என்பது. வழுக்குப் பாறையில் விழுகிற பெண்ணைப் பாருங்கள். முட்டி உடையும், கை உடையும், கூடை மட்டும் நிமிர்ந்து நிற்கும். கொழுந்தைக் கொட்டினால் நிறுவையில் குறையும், குறைந்தால் அரைநாள் கூலிக்கு அரைப்பேர்தான் விழும், கங்காணியின் வாய் வேறு. மருந்தடிக்கிறவனும் அப்படித்தான். தாங்கி உடைந்தால் பதில் சொல்ல வேண்டும். கையை விடு என்று ஹுமைத் கடற்கரையில் சொன்னது, இங்கே எங்கள் ஆட்களின் எலும்புக்கு எதிரான பாடம். அதைத் திரும்பத் திரும்பச் செய்துதான் ஊறவைக்க முடியும். மாரிசாமிக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் மிஞ்சிய ஈயத்தையும் சேற்றுக்குக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அன்றைக்குப் பிறகு பாடத்தை மாற்றினான்.

"கொக்கிய இழு. பட்டிய கையில புடி. மேல கொண்டாந்து கரையில வை. நெசமா வெவகாரம்னா வுட்டுரு. பழக்கத்துக்கு மட்டும் புடி."

ரஜீவ் அப்படியே செய்தான். ஒவ்வொரு நாளும் செய்தான். தலை மேலே வந்ததும் கையைத் தூக்கிப் பட்டியைக் காட்டுவான். "ஆ, இதுதான் வேல!" என்று மாரிசாமி கத்துவான். எனக்கும் அப்போது அதில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. சாமானைப் பத்திரமாகக் கொண்டுவருகிறான், நல்லதுதானே என்றுதான் நினைத்தேன்.

இரண்டாயிரத்து நான்கு பங்குனியில், மழைக்கு முந்தி, ரஜீவ் வலைக்கு இறங்கினான். சிலிண்டர்களை மாரிசாமி கடற்கரைக்குப் போய்க் காற்றடைத்துக்கொண்டு வந்திருந்தான். குழாயை ஸ்டோரில் மூடிவிட்டார்கள், இழுவை இல்லை. ஆளைக் கயிற்றில் கட்டி இறக்கவில்லையா என்று பிறகு பொலிஸில் கேட்டார்கள். அடியில் கிளைக்குவியல். கயிறு கட்டினால் அதுவே சிக்கும் என்றுதான் கட்டவில்லை. முதல் சிலிண்டர் முடிவதற்குள் பெரிய கிளைகள் சில மேலே வந்துவிட்டன. ரஜீவ் கரையேறித் தேத்தண்ணி குடித்தான்.

"கீழ ஒண்ணுமே தெரியல மச்சான். கோப்பித் தண்ணிக்குள்ள கெடக்குற மாதிரி இருக்கு. கையாலதான் பாக்குறேன்."

"போதும்னா நிப்பாட்டிக்குவோம்டா. நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்கா? ஐயா ஸ்டோர மூடி வச்சுக்கிட்டுக் காத்திருக்காரு. இன்னும் கொஞ்சந்தான்."

இரண்டாவது சிலிண்டரோடு இறங்கினான். நானும் மாரிசாமியும் தேக்கத்துச் சுவரில் நின்றோம். மேலே மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். குமிழி வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரே இடத்தில் நிறையக் குமிழி வந்தது. மாரிசாமி சட்டென்று குனிந்தான்.

"என்னா?" என்றேன்.

"மூச்ச வேகமா எடுக்குறான். என்னத்துலயோ மாட்டிக்கிட்டான்."

சொல்லி வாய் மூடவில்லை, ஒரேஞ் பை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து விழுந்தது. அடியில் பையின் நூல் கிளையில் சுற்றியிருக்க வேண்டும், அவன் அறுத்துவிட்டிருக்கிறான். பை காற்றில் அக்கரைப் பக்கம் நகர்ந்தது. மாரிசாமி சேர்ட்டைக் கழற்றினான். அதற்குள் ரஜீவே வந்துவிட்டான். சுவருக்குப் பக்கத்தில் அல்ல, திசை தெரியாமல் தேக்கத்து நடுவில். தலை தெரிந்தது. விசில் கேட்டது, நன்றாகவே கேட்டது. அடியில் போராடியதில் சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது, ஆகவே பொத்தானை அமத்தியும் சட்டைக்குக் காற்று வரவில்லை. வாயால் ஊதலாம். ஊத மூச்சு வேண்டுமே. அந்த நேரத்துக்குத்தான் ஈயத்தைக் கழற்று என்பது.

அவன் கழற்றினான். நான் பார்த்தேன். கழற்றிக் கையில் பிடித்திருந்தான்.

"வுடுடா!" என்று மாரிசாமி சுவரிலிருந்து குதித்துக்கொண்டே அலறினான். "ஈயத்த வுடுடா! ரஜீவு, வுடுடா!"

ரஜீவுக்குச் சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று விளங்கியதோ இல்லையோ, மச்சான் தன்னைப் பார்த்து ஈயம் என்று கத்துகிறான் என்பது கேட்டிருக்கும். அவன் கையைத் தூக்கிப் பட்டியைக் காட்டினான். இருக்கிறது, தொலைக்கவில்லை என்று.

தண்ணீருக்குள் இருக்கும்வரை பாரம் கொஞ்சமாவது குறையும். மேலே தூக்கினால் ஈயமும் கையும் முழுப் பாரமாக ஆள்மேல்தான். கை மட்டும் கொஞ்ச நேரம் மேலே நின்றது. பிறகு அதுவும் போயிற்று.

மாரிசாமி கெட்ட காதோடு மீண்டும் மீண்டும் முங்கினான். காதிலிருந்து ரத்தம் வழிந்தது. மலையிலிருந்து பெண்கள் கூடையோடு ஓடிவந்தார்கள். இராக்கம்மா வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு நின்றது. கடைசியில் அவனைக் கொண்டுவந்தபோது, பட்டி கையிலேயே இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மாரிசாமிதான் பிரித்தான். என் லொறியில்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிரயோசனம் இல்லை.

சாவு வீட்டில் சட்டையைத்தான் எல்லாரும் திட்டினார்கள். கண்ணுக்குத் தெரிகிற சாமான் அதுதானே. மயானத்துக்குப் போனபோது யாரோ அதையும் தூக்கிவந்து ஓரத்தில் போட்டு எரித்தார்கள். றப்பர் நாற்றம் மலை முழுக்க அடித்தது. மாரிசாமி அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குத் திரும்பியதும் பாக்கியலெட்சுமி அவன் கையைப் பிடித்துக்கொண்டது.

"மாப்ள, இனி அந்தக் கருமம் புடிச்ச சாமானத் தொடாதீங்க. ஒரு மவன குடுத்துட்டேன். நீங்களாச்சும் இருங்க."

காதுக்கு எண்ணெய் காய்ச்சி விட்டதும் அந்த மனுசிதான். மகன் தட்டில் இவனுக்குச் சோறு போட்டது. இவன் பிசைந்துகொண்டே இருப்பான், வாய்க்குப் போகாது.

ஒருநாள் என் லொறிக் கூண்டில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, சொல்லிறப் போறேன்."

"யாருக்கிட்ட?"

"அத்தகிட்ட. சட்ட கொல்லலன்னு."

"பேசாம இரு. செத்தவன் வரப்போறதில்ல. அந்தம்மா சட்டையத் திட்டியாச்சும் ஆறிக்கட்டும். எரிச்ச சட்டைக்கு மானம் போவுதா?"

"சட்டைக்குப் போவாது அண்ணே. எனக்குச் சோறு எறங்கல. என்னையப் பாத்து 'நீங்களாச்சும் இருங்க'ங்குது."

நான் சொன்னது புத்தியான பேச்சுத்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் புத்தியான பேச்சை வைத்து ஒருவன் சோறு தின்ன முடியாது போல.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, ஒரு பின்னேரம், பாக்கியலெட்சுமி வாசலில் சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தது. நான் என் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். மாரிசாமி படியில் போய்க் குந்தினான். எல்லாவற்றையும் சொன்னான். முதல் நாள் பட்டி தொலைந்தது, ஆட்களுக்கு முன்னால் ஏசினது, பாடத்தை மாற்றினது, தூக்கிக் காட்டினது. ஒன்றையும் குறைக்கவில்லை. பாக்கியலெட்சுமியின் விரல் அரிசியில் நின்றுவிட்டது. நான் கோடரியைக் கீழே வைத்தேன்.

"தூக்கிக் காட்டுனான்ல," என்றது கடைசியில். "அப்ப நீ என்னா சொன்ன?"

கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அந்த மனுசி அவனை 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"வுடுடான்னு கத்துனேன் அத்த."

"அதுக்கு முன்ன என்னைக்காச்சும் வுடுன்னு சொல்லிக் குடுத்தியா?"

"மொத நாள் சொன்னேன். அப்பறம் நாந்தான் மாத்துனேன்."

"நீ ஏசுனதுலருந்து மூணு நாளு அவன் சரியா திங்கல. என்னாடான்னா, மச்சான் சாமானத் தொலைச்சிட்டேம்மான்னான். நான் என்னா சொன்னேன் தெரியுமா? இனிமே பத்திரமாப் பாத்துக்கடான்னேன்."

பாக்கியலெட்சுமி சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. அழுகைச் சத்தம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. அடுப்பு மூட்டுகிற சத்தம்தான் வந்தது.

அன்றைக்கும் அவனுக்குச் சோறு கிடைத்தது, நிரஞ்சலா கையால். சுவர் மெல்லியது, அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றாள் நிரஞ்சலா. "தம்பி உள்ளங்கையப் பாத்தேன். பட்டித் தழும்பு."

"ஏன் கேக்கல?"

"கேட்டு என்னா செய்ய? நான் சொமந்துக்கிட்டுப் போயிருப்பேன். அம்மா தலையில ஏன் ஏத்துன? இப்ப அது, நான் சொன்ன பேச்சுலதான் எம்புள்ள போனான்னு கெடக்குது."

மாரிசாமி உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்திருக்கிறான். அது குறையவில்லை, மூன்று பேருக்குப் பிரிந்தது. அந்தம்மா அதற்குப் பிறகு அவனைத் திட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. அவன் உள்ளே வந்தால் வெளியே போகும், அவன் வெளியே போனால் உள்ளே வரும். ஒரு காம்பராவில் எத்தனை நாளைக்கு அப்படி நடக்கலாம்? மற்றத் தோட்டங்களிலிருந்து வலை துப்புரவாக்க எவரும் அவனைக் கூப்பிடவில்லை. இரகுநாதன் ஐயா ஒருமுறை வழியில் கண்டு, "உம்மிலை பிழை இல்லை" என்றாராம். மாரிசாமி தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறான்.

அடுத்த வருஷம் நிரஞ்சலாவின் சித்தி வீட்டுப் பக்கம், பூனாகலைக்குக் குடிபோனார்கள். சாமான்களை நான்தான் லொறியில் ஏற்றிக்கொண்டு போனேன். புறப்படும்போது பாக்கியலெட்சுமி வந்து மகளைக் கட்டிக்கொண்டது. அவனுக்கு ஒரு பொதி சோறு கட்டிச் சீட்டில் வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் திரும்பிப் போனது.

மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டில் அவனைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கே கங்காணி வயதான ஆள், நல்ல மாதிரி. ஆளை மேலும் கீழும் பார்த்தார்.

"கடல் பக்கம் இருந்தவனாமே? ஆத்துக்கு அந்தப்பக்கம் ஒரு மலை இருக்கு. மழைக்கு வெள்ளம் பாயும், ஒருத்தனும் போவ மாட்டேங்குறான். அங்க ஒரு ஆள் வேணும். நீச்சல் தெரியுமாப்பா?"

மாரிசாமி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியாதுங்க," என்றான்.

"அப்ப மேமலைக்குப் போ," என்றார் கங்காணி.

தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை வாங்கிக்கொண்டு, மற்ற ஆட்களுக்குப் பின்னால் அவன் மேட்டில் ஏறினான்.